ஏரி ஏறி வந்தால்: கரை வீட்டுக்கு எது, படகுக்கு எது?

2017 மே மாதக் கடைசியில் ஒன்ராறியோ ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 75.88 மீற்றருக்கு வந்து நின்றது. 1918 இலிருந்து உள்ள பதிவுகளில் அதுவரை அப்படி ஒரு அளவு இல்லை. இனி ஒரு தலைமுறைக்கு இப்படி வராது என்று கரையில் இருந்தவர்கள் ஆறுதல்பட்டுக்கொண்டார்கள். இரண்டே வருடம்தான். 2019 ஜூனில் 75.92. வழக்கமான ஜூன் மட்டத்தைவிட முக்கால் மீற்றருக்கும் மேலே.

அந்த இரண்டு கோடைகளையும் காணாத பலர் இப்போது ரொறன்ரோவுக்குக் கிழக்கே பிக்கரிங், ஏஜக்ஸ், விற்பி, கிளாரிங்ரன் பக்கம் ஏரி தெரிகிற வீடு தேடுகிறார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. சிலரிடம் பதினெட்டு, இருபது அடிப் படகும் இருக்கிறது. வாங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: கையில் இருக்கிற காசை முதலில் எதில் போடுவது? கரைச் சுவரிலா, பம்பிலா, படகு கட்டும் டொக்கிலா, காப்புறுதியிலா? எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரைத் தடுக்கும் வேலைகளுக்கு இரண்டாம் இடம். தண்ணீர் வந்து நின்றாலும் பழுதாகாமல் இருக்கச் செய்யும் வேலைகளுக்கு முதல் இடம். ஏரி எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

ஆற்று வெள்ளம் மாதிரி இல்லை

ஆற்று வெள்ளம் இரவோடு இரவாக வரும், பெரும்பாலும் சில நாட்களில் வடிந்துவிடும். ஒன்ராறியோ ஏரிக்கு வரும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு மேலே ஈரி ஏரியிலிருந்து நயாகரா வழியாக வருகிறது. வெளியே போக சென்ற் லோரன்ஸ் ஆறு ஒன்றுதான் வழி. அதில் கோர்ன்வாலுக்கும் நியூயோர்க் மாநிலத்து மசீனாவுக்கும் இடையில் மோசஸ்-சோண்டர்ஸ் அணை இருக்கிறது.

சரி, அணையைத் திறந்துவிட வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்பார்கள். திறக்கலாம், ஆனால் கீழே மொன்றியல் இருக்கிறது. 2017, 2019 இரண்டு வசந்தத்திலும் ஒட்டாவா ஆறும் பெருகி அங்கேயே வந்து விழுந்தது. இங்கே ஏரியை வேகமாக இறக்கினால் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர். அதனால் ஒட்டாவா ஆறு அடங்கும்வரை அளந்து அளந்து விட்டு, பிறகு செக்கனுக்கு 10,400 கன மீற்றர் என்ற அளவுக்குத் திறந்தார்கள். அவ்வளவு விட்டும் மட்டம் இறங்க வாரக்கணக்கு ஆனது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீற்றர், மேலேயிருந்து வரத்தும் நிற்கவில்லை. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘திட்டம் 2014’ என்ற நீர் ஒழுங்குத் திட்டத்தைத்தான் கரையோரத்தில் இன்றைக்கும் திட்டுவார்கள். நியூயோர்க் மாநிலம் 2019 இல், இந்த நீரை ஒழுங்குபடுத்தும் கனடா-அமெரிக்க இருநாட்டு ஆணையத்தின்மேல் வழக்கே போட்டது. அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த இரண்டு வசந்தத்திலும் வந்த நீருக்கு எந்தத் திட்டமும் ஈடுகொடுத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இதில் நமக்கு வேண்டியது மூன்று விஷயம். ஏரி சொல்லிவிட்டுத்தான் வரும். வாரக்கணக்கில் முன்னறிவிப்பு கிடைக்கும். வந்தால் லேசில் போகாது. 2017 இல் மே தொடக்கத்தில் மூடிய ரொறன்ரோத் தீவுப் பூங்காவை ஜூலை 31 ஆம் திகதிதான் மீண்டும் திறந்தார்கள். மூன்றாவது, காற்று. கிழக்கிலிருந்து பலமாக அடித்தால் ஏரி நீர் ரொறன்ரோ, ஹமில்ரன் மூலைக்குத் தள்ளப்படும். சில மணி நேரத்தில் மட்டம் இன்னும் கூடும், அதன் மேலே அலை. அமைதியான நாளில் புல்லை நனைத்துக்கொண்டு நிற்கிற அதே நீர், காற்று நாளில் படிக்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

ரொறன்ரோவுக்கு வடக்கே மஸ்கோக்கா ஏரிகள் பக்கம் கொட்டேஜ் என்ற விடுமுறை வீடு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே பனி உருகலும் மழையும் சேர்ந்தால் சில நாட்களில் ஏறிவிடும். 2019 ஏப்ரலில் அங்குள்ள பிரேஸ்பிரிட்ஜில் அவசரநிலை அறிவித்தார்கள். அப்போது ஆட்கள் ரொறன்ரோவில் வேலையில் இருப்பார்கள், கொட்டேஜ் பூட்டிக் கிடக்கும். ஆகவே அங்கே இலையுதிர் காலத்தில் பூட்டும்போதே செய்து வைக்கிற வேலைகள் மட்டும்தான் கணக்கில் சேரும்.

கரையில்: மண்மூட்டையா, சுவரா, கல்லா?

வெள்ளம் என்றதும் எல்லோர் கையும் மண்மூட்டைக்குத்தான் போகும். மலிவு, பல ஊர்களில் நகராட்சியே மண்ணும் பையும் தரும். ஆனால் வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது மீற்றர் நீளத்துக்கு முப்பது சென்ரிமீற்றர் உயர அணை கட்ட 600 மூட்டைக்குக் குறையாது. ஒவ்வொன்றும் பதினைந்து, பதினெட்டுக் கிலோ. ஏறத்தாழ பத்துத் தொன் மண்ணை நாரியில் சுமக்க வேண்டும். பையை முழுக்க நிரப்பவும் கூடாது. பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி, வாயை அடியில் மடித்து, செங்கல் அடுக்குவது போல இடைவெட்டி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்து இறுக்க வேண்டும். அடியின் அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு. நெஞ்சுயரத்துக்கு ஒற்றை வரிசையாக அடுக்கிய மூட்டைச் சுவர் படத்துக்கு நன்றாக இருக்கும், முதல் அலைக்கே சாயும்.

இவ்வளவு பாடுபட்டாலும் மூட்டை சில நாட்களுக்கான மருந்து. பிளாஸ்ரிக் பை மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் நார் நாராக உரியும். மணல் நிலமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: தண்ணீர் மூட்டைக்கு அடியால் ஊறி உள்ளே வரும். ரொறன்ரோத் தீவுகளில் மூட்டைகளோடு பம்புகளையும் சேர்த்து ஓடவிட்டது அதனால்தான்.

என் அத்தான் ஒருத்தர் ஏரிக்கரையில் வீடு வாங்கின கையோடு கேட்டார்: “நல்ல உயரமா ஒரு கொங்கிறீட் சுவர் எழுப்பினா வேலை முடிஞ்சுதுதானே?”

“சுவர் நிக்கும் அத்தான். சுவருக்கு முன்னால இருக்கிற மண் நிக்குமோ எண்டதுதான் கேள்வி.”

செங்குத்தான சுவரில் மோதும் அலை அடங்குவதில்லை, திரும்பிப் போகிறது. போகும்போது சுவரின் அடியில் உள்ள மணலை அள்ளிக்கொண்டு போகிறது. சில வருடத்தில் அடி வெறுமையாகி, சுவர் ஏரிப் பக்கமாகச் சரியத் தொடங்கும். அள்ளிய மண்ணோடு பக்கத்து வீட்டுக் கரையும் அரிபடும். அயலோடு மனஸ்தாபமும் வரும்.

பெரிய பாறைத் துண்டுகளைச் சரிவாக அடுக்கும் ஆமர் ஸ்ரோன் வேலைதான் அலைக்கு நல்லது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள சந்துகளில் அலை உடைந்து வலுவிழக்கும். ஒரு கல் கொஞ்சம் இறங்கினாலும் மற்றவை அதைத் தாங்கிக்கொள்ளும், சுவர் மாதிரி ஒரே விரிசலில் முழுதும் போகாது. விலை கூட. வெறும் கல்லைக் கொட்டினால் போதாது, அடியில் மண் வெளியேறாத துணி விரிக்க வேண்டும். அந்த வேலையைச் சிலர் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுவார்கள். பிறகு கல் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் இறங்கும்.

சுவரோ கல்லோ, உங்கள் நிலம் என்பதற்காக நினைத்தபடி செய்ய முடியாது. ரொறன்ரோ, பிக்கரிங், ஏஜக்ஸ் பகுதிக்கு டி.ஆர்.சி.ஏ என்ற ரொறன்ரோ வட்டார இயற்கைப் பாதுகாப்பு அதிகாரசபை, அதற்குக் கிழக்கே வேறு பாதுகாப்பு அதிகாரசபை. அவர்களிடம் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கும் பொறியியலாளர் வரைபடத்துக்கும் மாதங்கள் போகும். ஏப்ரலில் ஏரி ஏறுவதைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் அந்த வருடத்துக்கு உதவாது.

உயரமான கரை, ஆனால் அரிக்கிறது என்றால் கல்லுக்குக் காசு போடுங்கள். நிலமே தாழ்வு என்றால் கல்லும் பிரயோசனமில்லை. கல் அலையை உடைக்குமே தவிர மட்டத்தைக் குறைக்காது. கிளாரிங்ரனில் சீடர் கிறெஸ்ற் பீச் ரோட்டைப் பாருங்கள். முன்னால் ஏரி, பின்னால் சதுப்பு, நடுவில் ஒடுங்கின மணல்திட்டில் வீடுகள். 2017 இலும் 2019 இலும் அங்கே தண்ணீர் ஏறியது. அப்படியான இடத்தில் முன்பக்கம் எதைக் கட்டினாலும் பின்பக்கத்தால் வரும். வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கி உயர்ந்த தூண்களில் இருத்துவது, இல்லாவிட்டால் அந்த வீட்டை வாங்காமல் விடுவது. இரண்டில் மலிவானது எது என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்குள்: பம்பா, இடமாற்றமா?

பேஸ்மென்ற்றில் சம்ப் பம்ப், அதாவது தரைக் குழியில் சேரும் நீரை இறைக்கும் பம்ப், போட்டுவிட்டால் கவலை இல்லை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நிலத்தடி நீர் ஊறி வருவதற்குப் பம்ப் சரி. அதுவும் மின்சாரம் போனால் ஓடுகிற பற்றறி சேர்த்து வாங்கினால்தான்; புயல் நாளில்தான் கரண்டும் போகும். கழிவுநீர்க் குழாயால் திரும்பி வருவதற்குத் தனியாக ஒரு தடுப்பு வால்வு வேண்டும். பம்ப் அதற்கு ஒன்றும் செய்யாது. இந்த இரண்டுக்கும் மானியம் தருகிற நகராட்சிகள் உண்டு, ரொறன்ரோவும் அதில் ஒன்று. கேட்டுப் பாருங்கள்.

ஏரி நீரே வந்து வீட்டைச் சுற்றி நிற்கிறது என்றால் கதை மாறும். சுவருக்கு வெளியே ஒரு மீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் ஏறத்தாழ அரைத் தொன் பாரம் பக்கவாட்டில் தள்ளும். ஈர மண்ணும் சேர்ந்தால் இன்னும் கூட. உள்ளே நீங்கள் பம்ப் போட்டு இறைக்க இறைக்க, அந்தப் பாரத்துக்கு எதிராக உள்ளே ஒன்றும் இருக்காது. சுவர் உள்ளுக்கு வளையும், தரை மேலே பிளக்கும். அந்த நிலையில் பேஸ்மென்ற் நிரம்பட்டும் என்று விட்டுவிட்டு, வெளியே நீர் இறங்க இறங்க உள்ளேயும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதுதான் புத்தி. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் காப்பெற்றை மாற்றுவது அத்திவாரத்தை மாற்றுவதைவிடப் பல மடங்கு மலிவு.

அதனால்தான் பழுதாகாமல் இருக்கச் செய்கிற வேலைக்கு முதல் இடம் என்றேன். மின்சாரப் பெட்டி, ஃபேர்னஸ், சுடுநீர்த் தாங்கி இவை மூன்றும் பேஸ்மென்ற்றில் இருந்தால், அடுத்த தடவை மாற்றும்போது மேல் மாடிக்குக் கொண்டுவாருங்கள். உடனே மாற்ற வசதி இல்லை என்றால் முதலில் மின்சாரப் பெட்டி. அது ஒருமுறை நனைந்தால் தகுதி உள்ளவர் பார்த்து, மின்பாதுகாப்புச் சோதனையும் முடிந்து இணைப்புத் திரும்பக் கிடைக்கும்வரை வீட்டில் இருக்க முடியாது.

வெளியே இருக்கும் புரொப்பேன் தாங்கியைச் சங்கிலியோ பட்டியோ போட்டுக் கொங்கிறீட் அடித்தளத்தில் கட்டிவிடுங்கள், மிதந்து போனால் குழாய் முறிந்து வாயு கசியும். நிலத்துக்குள் புதைத்த செப்ரிக் (கழிவுநீர்) தாங்கி உள்ள கொட்டேஜில் மட்டும் ஒரு எச்சரிக்கை: நிலம் ஊறிப்போய் இருக்கும்போது தாங்கியை இறைக்கக் கூப்பிடாதீர்கள். வெறும் தாங்கி நிலத்தைக் கிழித்துக்கொண்டு மேலே மிதந்து வரும். கிணற்று நீரை வெள்ளம் வடிந்த பிறகு சோதிக்காமல் குடிக்க வேண்டாம். ஒன்ராறியோவில் தனியார் கிணற்று நீரில் கிருமி உண்டா என்று மாகாணச் சுகாதார ஆய்வுகூடம் இலவசமாகவே பார்த்துச் சொல்கிறது.

டொக்: நிலையானதா, மிதப்பதா?

நிலையான டொக் உறுதியாகத் தெரியும், நடக்க நல்லது. ஏரி முக்கால் மீற்றர் ஏறினால் அது தண்ணீருக்கு அடியில். பலகைக்குக் கீழே அலை இடித்து இடித்து ஒவ்வொரு பலகையாகக் கழற்றும். மஸ்கோக்காவில் டொக் மிதந்து போகாமல் இருக்க அதன்மேல் பெரிய பீப்பாய்களை வைத்துத் தண்ணீர் நிரப்புவார்கள். நல்ல உபாயம், ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. பீப்பாய் நீருக்கு மேலே நிற்கும்வரைதான் அதன் 200 கிலோவும் பாரம். நீர் ஏறிப் பீப்பாயை மூடிவிட்டால், தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை ஏது? ஆகவே அது ஒரு முழ வெள்ளத்துக்கு உதவும், மார்பளவு வெள்ளத்துக்கு உதவாது.

மிதக்கும் டொக் நீரோடு ஏறி நீரோடு இறங்கும். ஒன்ராறியோ ஏரிக்கு என்னைக் கேட்டால் இதுதான். ஆனால் வாங்க முன்னர் ஒரு இடத்தைக் குனிந்து பாருங்கள். மிதக்கும் டொக் பலவற்றை ஏரி அடியில் அடித்து இறக்கிய உருக்குத் தூண்கள்தான் பிடித்து வைத்திருக்கும். தூணைச் சுற்றி ஒரு வளையம், உள்ளே தேய்வு தாங்கும் உருளைகள். டொக் ஏற ஏற அந்த வளையம் தூணில் வழுக்கி மேலே போகும். தூணின் தலை கோடைகால மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். 2019 மட்டத்துக்கு மேலே, அலைக்கும் சேர்த்து இன்னும் ஒரு மீற்றராவது வேண்டும். தூண் குட்டை என்றால் வளையம் தலையைத் தாண்டிக் கழன்றுவிடும். அப்புறம் டொக்கும் அதில் கட்டிய படகுகளும் ஒரே தெப்பமாகப் புறப்பட்டுவிடும். மரீனாவில் இடம் எடுப்பவர்களும் கட்டணத்தைக் கேட்க முன்னர் இதைப் பார்க்கலாம்.

படகு: தண்ணீரிலா, தரையிலா?

ட்ரெய்லரில் ஏறும் படகு என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. ஏரியை விட்டு உயரமான இடத்துக்கு இழுத்துப் போய்விடுங்கள். 2017 இல் பல இடங்களில் படகு இறக்கும் சரிவுப் பாதைகளே தண்ணீருக்கு அடியில் போயின. அதனால் கடைசி நாள்வரை காத்திருந்தால் வெளியே எடுக்கவும் வழி இருக்காது.

வீட்டு முற்றத்தில், கரைக்குப் பக்கத்தில் ட்ரெய்லரோடு விட்டுவைப்பதுதான் மோசம். மழைநீர் தேங்காமல் இருக்கப் படகின் பின்பக்க பிளக்கைக் கழற்றி வைப்பது வழக்கம். ஏரி முற்றத்துக்கு வந்தால் அந்த ஓட்டையால் நீர் ஏறி என்ஜின் வரை மூழ்கும். பிளக்கைப் பூட்டி வைத்தால் படகு ட்ரெய்லரை விட்டு மிதந்து பக்கத்து வீட்டு வேலியில் போய் மோதும். இரண்டும் வேண்டாம், இடத்தை மாற்றுங்கள்.

முப்பது அடிக்கு மேற்பட்ட படகுகளை அப்படி இழுத்துத் திரிய முடியாது. அவற்றுக்குத் தரையைவிடத் தண்ணீரே பாதுகாப்பு, தூண் உயரமான மிதக்கும் டொக் கிடைத்தால். தரையில் ஜாக் ஸ்ராண்ட் கால்களில் நிற்கும் படகு பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் படகு நிறுத்தும் வளவுகள் பெரும்பாலும் நீர் ஓரத்தில்தான். மண் ஊறினால் ஒரு கால் புதையும், படகு அந்தப் பக்கம் சாயும், பக்கத்துப் படகையும் தள்ளும். அகலமான பலகையை ஒவ்வொரு காலுக்கும் அடியில் போட்டு, எதிரெதிர்க் கால்களைச் சங்கிலியால் இணைத்திருக்கிறார்களா என்று குளிர்காலத்துக்கு விடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு டொக்கில் மோட்டர் லிஃப்ற்றில் தூக்கி வைப்பது வசதியானது, ஆனால் வெள்ளக் காலத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லிஃப்ற்றின் உச்சத்துக்கு மேலே நீர் வந்தால் படகு பாதி மிதந்தும் பாதி இருந்தும் நிற்கும். ஒவ்வொரு அலைக்கும் அடிப்பாகம் லிஃப்ற் கட்டையில் இடிக்கும். கூரை போட்ட படகு வீட்டில் என்றால் இன்னும் மோசம், மேலே இடம் இருக்காது.

நிலையான டொக்கில் கட்டத்தான் வேண்டும் என்றால் கயிற்றை டொக்கில் உள்ள கொக்கியில் கட்டாமல் உயரமான தூணில் கட்டுங்கள். கொக்கி மூழ்கிவிட்டால் கயிற்றைத் தளர்த்த ஆள் தண்ணீருக்குள் இறங்க வேண்டி வரும். கரை மின்சார வயரும் அங்கேதான் கிடக்கிறது. நன்னீரில் கசியும் மின்சாரம் உப்புநீரைவிட ஆபத்து, ஏனென்றால் சுற்றியுள்ள நீரைவிட மனித உடம்பு அதற்கு நல்ல வழி. ஆகவே டொக் நனையத் தொடங்கினதுமே மெயின் பிரேக்கரை அணைத்துவிட வேண்டும், கரையிலேயே நின்று.

ஓட்டுவது பற்றியும் ஒரு சொல். உயர்ந்த ஏரியில் கரையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்த மரக்கட்டைகள் மிதக்கும். நீங்கள் எழுப்பும் அலையும் யாரோ ஒருவர் வீட்டு மண்மூட்டையைத்தான் போய் அடிக்கும்.

காப்புறுதி

‘வெள்ளக் காப்புறுதி இருக்கு’ என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது கழிவுநீர் திரும்பி வருவதற்கான காப்புறுதி. அது வேறு. நிலத்தின்மேல் ஓடி வரும் நன்னீர் வெள்ளத்துக்கான காப்புறுதி கனடாவில் சாதாரண வீடுகளுக்குக் கிடைக்கத் தொடங்கியதே 2015 இல்தான். அதிலும் பல பத்திரங்களில் ஏரி அலை, காற்றுத் தள்ளிய நீர், கரை அரிப்பு எல்லாம் விலக்கு. டொக்கும் கரைச் சுவரும் வீட்டுப் பத்திரத்தில் சேர்வதில்லை என்பதும் சாதாரணம். முகவரிடம் “வெள்ளத்துக்குக் கட்டுமா?” என்று கேட்டால் “ஓம்” என்றுதான் வரும். “ஏரி மட்டம் ஏறி, காற்றோடு அலை வந்து பேஸ்மென்ற்றுக்குள் புகுந்தால் கட்டுமா?” என்று கேளுங்கள், பதிலை ஈமெயிலில் வாங்குங்கள்.

படகுக் காப்புறுதியில் இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை படகு தரையில் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கலாம். வெள்ளத்துக்குப் பயந்து ஏப்ரலிலேயே தண்ணீரில் இறக்கினால் அந்த நிபந்தனை மீறப்படும். இறக்க முன்னர் ஒரு ஃபோன் போதும். புதிதாக வெள்ளக் காப்புறுதி எடுப்பவர்கள் இலையுதிர் காலத்திலேயே எடுப்பது நல்லது. எச்சரிக்கை வந்த பிறகு கேட்டால் கையை விரித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் காத்திருப்புக் காலம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள்.